மணியை ஒரு தடவை அடித்தால் போதும்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் மூன்றாம் மாடி ஏறும்போது வம்பு பண்ணுகிறது. எஞ்சின் அறைச் சூட்டில் உன் கழுத்தில் வந்த தடிப்பு ஆறிவிட்டதா? நீ போனை எடுக்கமாட்டாய் என்பதை இந்த இரண்டு வருடத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டேன். அதனால்தான் உன் கப்பல் கம்பெனி ஏஜெண்டின் முகவரிக்கு இந்தக் காகிதம்.

அப்பா போனதிலிருந்து பூட்டிக் கிடந்த வீட்டுக்குப் போன மாதம் குடிவந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு இங்கிருந்து நடந்தே போகலாம். ஆய்வகத்தில் பாட்டில்களைத் துடைத்து லேபிள் ஒட்டிவிட்டு, வீட்டுக்கு வந்தும் அதையே செய்துகொண்டிருக்கிறேன். நாற்பது வருடம் லிஃப்ட் பழுதுபார்த்த அப்பாவின் கருவிப் பையிலுள்ள ஒவ்வொரு ஸ்பேனரும் எந்த லிஃப்டுக்கு என்று கண்டுபிடிப்பது சுலபமாக இல்லை.

கூடத்து மேசையில் நீ வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் பொட்டி ஓடவில்லை. ஸ்விட்சைப் போட்டால் உள்ளே ஒரு டிஸ்க் டக் டக் என்று உச்சுக் கொட்டுகிறது, திரையில் ஒரு வரி வந்து நின்றுவிடுகிறது. நம் புகைப்படங்கள் எல்லாம் அதில்தானே இருக்கின்றன? என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

கீழ்வீட்டுத் தையற்காரம்மா பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி. "ஒரு குரல் குடுத்திருந்தா போதுமே. மெஷின் ஓடிக்கிட்டிருந்தாகூட எனக்குக் காது கேக்கும்மா. அவர் ஏன் கத்தல?" எனக்கும் பதில் தெரியவில்லை. அப்பா அழுத்திப் பேசினால் பொட்டி வழியாக உன் போனுக்குக் குரல் வரட்டும் என்று குளியலறை வாசலில் முழங்கால் உயரத்தில் நீ வைத்த பட்டனைத் தினமும் தாண்டித்தான் போகிறேன். விழுந்தாலும் கைக்கு எட்டும் உயரம். அதையும் அவர் அழுத்தவில்லை என்று நீ சொன்னாய். டாக்டர் கணக்குப்படி சனிக்கிழமை விழுந்தவர், திங்கள் காலை நான் வந்து பார்க்கும்வரை கத்தாமல், பட்டனையும் தொடாமல் என்னதான் செய்துகொண்டிருந்தார்? அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்த வீட்டில் என்னால் நிம்மதியாகக் குளிக்கக்கூட முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

•

மார்ச் 2

அன்புள்ள அக்கா,

தடிப்பு ஆறிவிட்டது. இப்போது அது முதுகுக்கு இடம் மாறியிருக்கிறது. உன் முழங்காலுக்கு எண்ணெய் விடச் சொல்லி அப்பா இருந்தால் கிரீஸ் டப்பாவை நீட்டியிருப்பார்.

பொட்டியில் நாலு டிஸ்க், இரண்டு ஜோடி. ஒரு ஜோடிக்குள் ஒன்றில் எழுதப்படுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது பிழைத்திருக்கும். கீழ் ஜோடியில் புகைப்படங்கள் இருக்கின்றன, அதைத் தொடாதே. மேல் ஜோடியில் இருப்பது பொட்டியை ஓட்டுகிற பழைய சிஸ்டம். அது போகட்டும். புதிதாக லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தைப் போட்டுவிடு. யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், யாரையும் கேட்கத் தேவையில்லை.

பென் டிரைவ் ஒன்றை இதனுடன் வைத்திருக்கிறேன். அதைச் செருகி ஸ்விட்ச் போடு. இன்ஸ்டாலர் எந்த டிஸ்க் என்று கேட்கும். மேல் இரண்டையும் மட்டும் காட்டு. "இவற்றில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா?" என்று கேட்கும். ஆம் என்று சொல். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க நினைக்காதே. பார்க்கும்படி ஒன்றும் இல்லை.

அப்பாவைப் பற்றி நீ கேட்டதற்கு என்னிடமும் பதில் இல்லை. தையற்காரம்மாவுக்கு வேறு வேலை இல்லையா?

தம்பி

•

மார்ச் 21

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? இங்கே பரீட்சை. செய்முறைத் தேர்வில் ஒரு பெண் அமிலத்தையும் காரத்தையும் மாற்றி ஊற்றிவிட்டு, "மேடம், எது முதல்லன்னு பாட்டில்ல எழுதலையே" என்கிறாள். சிரித்துவிட்டேன்.

நீ மேல் இரண்டு என்றாய். மேலே ஒன்றுதான் இருக்கிறது. இதை உன்னிடம் சொல்ல மறந்தேனா, பயந்தேனா என்று தெரியவில்லை. அந்தத் திங்கள் காலை, அப்பாவைக் கூடத்தில் கிடத்துவதற்காக ஆட்கள் மேசையை நகர்த்தினார்கள். பொட்டியின் முதல் டிஸ்க் தட்டோடு கழன்று என் கையோடு வந்துவிட்டது. திரும்பச் செருகப் பார்த்தேன், போகவில்லை. வாசலில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அப்பாவின் கருவிப் பைக்குள் போட்டுவிட்டேன். நேற்று ஸ்பேனர்களுக்கு அடியில் கிடைத்தது.

டக் டக் என்பது உள்ளேயே இருந்த அதன் ஜோடி. அது செத்துவிட்டது போலிருக்கிறது. கையில் இருப்பதைச் செருகிப் பார்க்கலாமா? பார்க்கலாம் என்றுதான் நினைக்கிறேன். லேபிள் இல்லாத பாட்டிலைத் திறந்து பார்க்காமல் கொட்ட எனக்கு மனம் வராது, அது தொழில் கோளாறு.

உன் அக்கா

•

ஏப்ரல் 6

அக்கா,

உன் கடிதம் இன்றுதான் கையில் கிடைத்தது. உடனே எழுதுகிறேன்.

அந்த டிஸ்க்கைச் செருகாதே. கடையில் புதிதாக இரண்டு வாங்கிக்கொள். பழையதை அப்பாவின் துளைபோடும் மெஷினால் நடுவில் ஓட்டை போட்டுக் குப்பையில் போடு. காரணம் கேட்காதே. ஒரு தடவை தம்பி சொல்வதைக் கேள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

•

ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. இன்று பள்ளிக்கு விடுமுறை. டிஸ்க்கைச் செருகிவிட்டேன், ஓடுகிறது!

இரண்டு வருடம் ஸ்பேனர்களுக்கு அடியில் கிடந்தது போலவே இல்லை. திரை வந்தது. கடைசிப் பதிவு என்று அந்தத் திங்கள் காலை ஒன்பது இருபது காட்டியது. அது கழன்று என் கைக்கு வந்த நேரம். அந்த டிஸ்க்கைப் பொறுத்தவரை அதற்குப் பிறகு எதுவுமே நடக்கவில்லை. அப்பாவை நாம் இன்னும் எடுத்துக்கொண்டு போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அந்த எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு ஒன்று நடந்தது. நான் பொட்டிக்கு முன்னால்தான் இருந்தேன், வீட்டில் வேறு யாரும் இல்லை. குளியலறை வாசலில் பட்டனுக்கு மேலுள்ள பச்சை விளக்கு தானாக எரிந்து அணைந்தது. மறுபடி எரிந்தது. மறுபடியும். மூன்று தடவை. வெளியில் பகல் வெளிச்சம், கீழே தையல் மெஷின் சத்தம். ஆனாலும் எழுந்து வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு வந்துதான் உட்கார்ந்தேன். எதற்காக எரிந்தது என்று நீதான் சொல்ல வேண்டும்.

இன்னும் எதையும் திறந்து பார்க்கவில்லை. நாளை லினக்ஸ் போடலாமா?

உன் அக்கா

•

ஏப்ரல் 19

அக்கா,

நலம் விசாரிக்கத் தெம்பில்லை. மன்னித்துக்கொள்.

எட்டாம் தேதி கப்பல் துறைமுகத்தில் நின்றது. உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. என் மகளின் படம் வந்திருக்கிறதா என்று பார்க்கப் போனை ஆன் செய்தேன். கையிலேயே அதிர்ந்தது. "அப்பா – மூன்று குரல் செய்திகள்." நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சமையற்காரர் ஓடிவந்து, "என்ன சார், வீட்ல ஏதாவது..?" என்றார். "அப்பா கூப்பிட்டாரு" என்று சொல்லிவிட்டேன். "அதுக்கு ஏன் சார் இப்படி வேர்க்குது?" என்றார்.

உன்னிடம் பொய் சொன்னேன். அப்பா பட்டனை அழுத்தினார். மூன்று தடவை.

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் கரையில்தான் இருந்தேன். போன் கையிலேயே இருந்தது. சும்மா படுத்துக்கொண்டு சினிமா பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. திங்கள் காலை நீ கூப்பிட்டுச் செய்தி சொன்னாய். அன்று மாலை, உனக்கு அப்போது பகல், விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது மூன்றும் ஒன்றாக வந்து விழுந்தன. அவர் பேசியது சனியும் ஞாயிறும். பொட்டி அனுப்பியது திங்கள்.

ஏன் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை நான் இங்கிருந்தபடியே பொட்டிக்கு ஓர் அப்டேட் போட்டேன். அவசியமே இல்லாதது. சோதித்துப் பார்க்காமல் கரையிறங்கிப் போய்விட்டேன். அடுத்த நாள் பொட்டி ஊமையாகிவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு அதுவே சரியாகியிருக்கிறது. அடுத்த வாரம் பொட்டிக்குள் போய் மூன்றையும் அழித்தேன். வேறு எதையும் பார்க்கத் துணிவில்லை. நீ கழற்றி வைத்த டிஸ்க்கில் அவை அனுப்பப்படாமல் வரிசையில் நின்றது எனக்குத் தெரியாது. விளக்கு மூன்று தடவை எரிந்தது அதனால்தான். பொட்டி விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்திருக்கிறது.

நான் போன் எடுக்காததற்குக் காரணம் இப்போது தெரிகிறதா? மணி அடித்தாலே எனக்கு அந்த வரிசை, என் முன்னால் நின்றவரின் சிவப்புப் பெட்டி, அப்பாவின் குரல்.

எல்லாவற்றையும் அழித்துவிடு. கேட்காதே.

தம்பி

•

மே 5

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். வெயில் அதிகம். பள்ளிக்கு விடுமுறை விட்டாயிற்று. முழங்கால் பரவாயில்லை.

இன்னும் லினக்ஸ் போடவில்லை. புது டிஸ்க் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேறு விசேஷம் இல்லை.

உன் அக்கா

•

மே 24

அக்கா,

பத்து வரி எழுதியிருக்கிறாய், அதில் ஒரு வரி வெயில். உன்னை எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் நான் உன் ஜியாமெட்ரி பாக்ஸை உடைத்தபோதும் இப்படித்தான், திட்டவே மாட்டாய், மூன்று நாளைக்கு "சாப்பிட்டியா" மட்டும் கேட்பாய்.

நீ கேட்டுவிட்டாய், என்மேல் கோபமாக இருக்கிறாய். இருக்க வேண்டியதுதான். அப்பாவைப் பட்டனை நம்பச் சொன்னதும் நான், பட்டனைக் கெடுத்ததும் நான். நவம்பரோடு என் ஒப்பந்தம் முடிகிறது. கேப்டன் இன்னொரு ஒன்பது மாதம் இருக்கிறாயா என்று கேட்டார். சரி என்று சொல்லப்போகிறேன். அந்த வீட்டு வாசலில் வந்து நிற்க எனக்கு முகமில்லை.

தம்பி

•

ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்டுவிட்டு இதை எழுதுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். நலமா?

கேட்டேன். உன் கடிதம் வந்த அன்றே கேட்டேன். நீ மறக்க நினைத்ததை நான் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது.

சனி மாலை ஐந்து நாற்பத்திரண்டு: "டேய், நான்தான். பாத்ரூம் வாசல்ல வழுக்கிட்டேன். இடுப்பு பிடிச்சுக்கிச்சு. அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லு, வரட்டும். அவசரமில்ல."

ஞாயிறு காலை ஏழு ஐந்து: "பச்சை எரிஞ்சுது. போயிருச்சுன்னு அர்த்தம், நீதானே சொன்னே. லிஃப்ட்ல மாட்டுனவங்ககிட்ட நாப்பது வருஷமா நான் என்ன சொல்லியிருக்கேன்? மணியை ஒரு தடவை அடிங்க போதும், கதவைத் தட்டாதீங்க, கத்தி மூச்சை வீணாக்காதீங்க, ஆள் வரும். அதான் படுத்திருக்கேன்."

ஞாயிறு மாலை நாலு இருபது: "அக்கா வழியில இருப்பா. லேட்டாச்சுன்னு அவளைத் திட்டாதே."

அவர் ஏன் கத்தவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆள் வருகிறது என்று நம்பினார்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் வாயடைத்துப் போனதற்குக் காரணம் வேறு. நீ பார்க்கத் துணியாததை நான் பார்த்தேன். பொட்டி நிமிடத்துக்கு நிமிடம் எழுதிவைத்த பதிவுகள். உன் அப்டேட் வெள்ளி பிற்பகல் மூன்று மணிக்கு. அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியும் "நெட் இருக்கிறது, நெட் இருக்கிறது" என்றே போகிறது. சனி காலை பதினொன்றுக்கும் இருக்கிறது. பதினொன்று பன்னிரண்டுக்கு "நெட் இல்லை". அதன்பின் கடைசிவரை அதே வரி. உன் அப்டேட்டில் எந்தக் கோளாறும் இல்லை.

அப்பாவைக் கவனித்துக்கொண்ட நாட்களில் நான் வைத்திருந்த நோட்டு உனக்குத் தெரியும், "ஆஸ்பத்திரி சார்ட்" என்று கேலி செய்வாய். அதை எடுத்துப் பார்த்தேன். அந்தச் சனிக்கிழமை, என் கையெழுத்தில்: "மாத்திரை டப்பா நிரப்பினேன். நகம் வெட்டினேன். 11.10 – கூடம் வேக்வம்."

கூடத்தில் வேக்வம் கிளீனர் வயருக்கு எட்டுகிற பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று. மேசைக்குப் பின்னால், மோடம் மாட்டியிருப்பது. எப்போதும் அதைப் பிடுங்கித்தான் வேக்வம் போடுவேன், பிறகு மாட்டிவிடுவேன். அன்று அப்பா உள்ளேயிருந்து, "போதும்மா, தரை தேஞ்சுடும். கீழ்வீட்டுக்காரம்மா தலையில போய் விழப்போறே" என்றார். சிரித்துக்கொண்டே வயரைச் சுற்றியது நினைவிருக்கிறது. மோடத்தைத் திரும்ப மாட்டியது நினைவில்லை. ஏனென்றால் நான் மாட்டவில்லை.

திங்கள் பகல், பொட்டியை நகர்த்தி, டிஸ்க்கைப் பைக்குள் போட்டதற்கெல்லாம் பிறகு, யாரோ வந்து, "நெட் வரலையே, வெளியூர்ல இருக்கறவங்களுக்குத் தகவல் சொல்லணும்" என்றார்கள். பார்த்தேன், பிளக் தொங்கிக்கொண்டிருந்தது. செருகினேன். யார் பிடுங்கியது என்று யோசிக்கவும் இல்லை. என் விரல் அந்தப் பிளக்கை அழுத்தியபோதுதான் நீ வரிசையில் நின்றிருக்கிறாய்.

இதை ஒரு மாதமாக எழுதாமல் இருந்தேன். போன மாதமே உன் பென் டிரைவைச் செருகினேன். புது டிஸ்க்குகள் பெட்டிக்குள்ளேயே இருந்தன, பழையதைத்தான் காட்டினேன். இன்ஸ்டாலர் கேட்டது: "இதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா?" நீயே அழிக்கச் சொல்லியிருக்கிறாய். ஆம் என்றால் போதும், அந்தப் பதினொன்று பன்னிரண்டு உலகத்தில் எங்கும் இருக்காது. நீ தொடர்ந்து உன்னையே நினைத்துக் குமுறுவாய், நான் உனக்கு ஆறுதல் சொல்லும் நல்ல அக்காவாக இருப்பேன். ஆம் என்பதில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்த் துணி மடித்தேன். திரும்பி வந்தால் அதே கேள்வி அங்கேயே நிற்கிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இப்படிப் போயின.

அப்புறம் உன் மே மாதக் கடிதம் வந்தது. வாசலில் நிற்க முகமில்லை என்று எழுதியிருந்தாய். என் வாசலில். அந்தக் கேள்விக்கு இல்லை என்று அழுத்தினேன். பழைய டிஸ்க்கைக் கழற்றி உறையில் போட்டு, தேதி எழுதி லேபிள் ஒட்டினேன். புது இரண்டையும் ஜோடியாகப் போட்டு லினக்ஸ் ஏற்றினேன். ஒன்றில் இருப்பது மற்றதில் சேர்ந்து முடிய ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. இரண்டு சதவீதம், ஒன்பது சதவீதம் என்று அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இந்தக் கடிதத்தின் முதல் வரியை எட்டு தடவை எழுதிக் கிழித்தேன். புகைப்படங்கள் பத்திரம்.

பட்டனை மட்டும் இன்னும் புது சிஸ்டத்தோடு இணைக்கவில்லை. எனக்குத் தெரியவில்லை என்பது பாதிக் காரணம்.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். ஒன்றும் சொல்லாவிட்டாலும்.

உன் அக்கா

•

செப்டம்பர் 3

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் நலம் என்று தையற்காரம்மாவின் மகன் மூலம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த அம்மாள் இவ்வளவு பேசுவதும் ஒரு நாள் உதவுகிறது.

உன் கடிதத்தோடு நாலு துறைமுகம் சுற்றினேன். படித்த அன்று நன்றாகத் தூங்கினேன், இரண்டு வருடத்தில் முதல் தடவை. அடுத்த நாள் எழுந்தபோது உன்மேல் அப்படி ஒரு கோபம். ஒரு மாதம் இருந்தது. பல் துலக்கும்போது, பம்ப்பைக் கழற்றும்போது எல்லாம் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். "எப்பவும் நோட்ல எழுதுவியே, பிளக் மாட்டினேன்னு எழுத மாட்டியா?" என்று ஒரு நாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன். உதவியாளர் பயந்துபோய், "எந்தப் பிளக் சார்?" என்று ஓடிவந்தார்.

கோபம் போய்விட்டது என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். குறைந்திருக்கிறது. உன் கடிதத்தில் ஒரு இடத்தில் வந்து நின்றுவிட்டது. "பச்சை எரிஞ்சுது, போயிருச்சுன்னு அர்த்தம்." பச்சை என்றால் பொட்டி ஒரு செய்தியைக் கையில் எடுத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். போய்ச் சேர்ந்துவிட்டது என்றல்ல. எனக்கு அது தெரியும். அப்பாவுக்கு விளக்கிச் சொல்லச் சோம்பல்பட்டு, "எரிஞ்சா போயிருச்சுப்பா" என்று சொல்லிவிட்டேன். போகவில்லை என்றால் சிவப்பு எரியும்படி நான் வைத்திருந்தால் அவர் கத்தியிருப்பார்.

கேப்டனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நவம்பரில் வருகிறேன். அதற்கு முன் நீ செய்ய வேண்டியது:

முதலில், மோடத்தை வேறு பிளக் பாயிண்டுக்கு மாற்று. எக்ஸ்டென்ஷன் வேண்டாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. பிறகு, இதனுடன் இருக்கும் தாளில் எழுதியுள்ள பதினான்கு வரிகளையும் பிழையில்லாமல் அடி. பட்டன் வேலை செய்யத் தொடங்கும். ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். அழுத்தியதும் இனி எந்த விளக்கும் எரியாது. இங்கே நான் கேட்டுவிட்டு என் போனில் ஒரு தடவை தொட்டால்தான் பச்சை எரியும்.

அடுத்த மாதம் நாலாம் தேதி, ஞாயிறு, உன் நேரம் காலை பத்துக்கு அழுத்து. கரையில் இருப்பேன், போனைக் கையில் வைத்திருப்பேன். அதில் பெயர் இன்னும் அப்பா என்றுதான் இருக்கிறது. மாற்ற முடியவில்லை. அந்தப் பெயர் வரும்போது எடுக்கப் பழக வேண்டும். அதனால் கொஞ்சம் நேரமாகலாம்.

ஒரு தடவை அழுத்திவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிடாதே அக்கா. பச்சை எரிகிற வரைக்கும் அழுத்திக்கொண்டே இரு. கதவைத் தட்டு. கத்து.

தம்பி